குதிரை வளர்க்க நினைப்பவர்களுக்கு: வாங்குவது முதல் முதுமை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் சுழியைத்தான் தேடுவார்கள். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே, ராஜ சுழி உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். அது அவரவர் நம்பிக்கை, அதில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அதே நேரத்தில் குனிந்து நான்கு கால்களையும் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. குதிரையை நோய் இல்லாமல் காப்பது பெரும்பாலும் இப்படிக் குனிந்து பார்க்கிற வேலைதான். தினமும் பத்து நிமிடம் கண்ணும் கையும் அதன் மேல் இருந்தால், மருத்துவச் செலவில் பெரும்பங்கு வராமலே போகும்.

கொங்குப் பக்கம் மானாவாரி நிலத்தில் குதிரை வளர்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். இங்கே கிடைக்கும் தீவனம், இங்கே அடிக்கும் வெயில், இங்கே இருக்கும் மருத்துவ வசதி இவற்றை வைத்துத்தான் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு குதிரை 25 முதல் 30 வருடம் வாழும். பிள்ளை ஆசைப்பட்டான் என்று வாங்கினால், அவன் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் குதிரை லாயத்தில்தான் நிற்கும். அத்தனை வருடமும் ஒரு நாள் கூட விடாமல் தீனி போட ஆள் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய, குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் இருக்கிறாரா என்பது இரண்டாவது. மாடு பார்க்கிற மருத்துவர் எல்லோருக்கும் குதிரை பழக்கம் இருக்காது. சங்கடப்படாமல் முன்கூட்டியே போய்க் கேட்டுவிடுங்கள். மூன்றாவது, லாடக்காரர். இப்போது இவர்கள் குறைந்துவிட்டதால் குதிரையை வாங்குவதற்கு முன்பே ஒருவரைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

முதல் முறை வாங்குகிறவர்கள் இரண்டு வயதுக் குட்டியை வாங்க வேண்டாம். பழகிய, 7 வயதுக்கு மேற்பட்ட பெட்டையோ காயடித்த ஆணோ போதும். வயதைப் பல்லில் பார்க்கலாம். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓர ஜோடி நாலரையிலும் பால்பல் விழுந்து நிலைப்பல்லாக முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்கு மேல் தேய்மானத்தை வைத்து ஊகிப்பதுதான். வயது ஏற ஏறத் துல்லியம் குறையும்.

அடுத்து, கெட்டியான தரையில் நேராக நடக்க விட்டு, பிறகு மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். முன்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். சந்தை மணலில் இது தெரியாது. தார் ரோட்டுக்குக் கூட்டிப் போங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இரத்தப் பரிசோதனை இல்லாமல் குதிரையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். குறிப்பாக கிளாண்டர்ஸ் என்னும் நோய். மூக்கில் புண், கெட்டியான சளி, தோலில் கட்டி என்று வரும். சில குதிரைகளில் வெளியே எதுவும் தெரியாமலே இருக்கும். மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான பரிசோதனை நடக்கிறது. உங்கள் ஊர் கால்நடை மருத்துவர் மூலமாக மாதிரியை அனுப்பலாம். குதிரைத் தொற்று இரத்தசோகைக்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வந்த குதிரையை மூன்று நான்கு வாரம் தனியே கட்டி, தனித் தொட்டி, தனி வாளி வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

இடம்

ஒரு குதிரைக்கு 12-க்கு 12 அடி இருந்தால் படுத்துப் புரள முடியும். மட்டக்குதிரைக்கு 10-க்கு 10 போதும். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்று போடுங்கள். சித்திரை வெயிலில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். லாயத்துக்குள் குனிந்து தரையருகே மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அந்த எரிச்சலைத்தான் குதிரை இரவு முழுக்க நுரையீரலில் வாங்குகிறது. சிறுநீர் ஊறிய படுக்கையை அன்றன்றே அள்ளிவிட வேண்டும்.

முன்னங்காலையும் பின்னங்காலையும் கயிறு போட்டு நாள் முழுக்கக் கட்டிப் போடுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். கணுக்காலில் கயிறு அறுத்த புண் ஆறுவது பெரும்பாடு. குதிரை நடந்துகொண்டே மேயப் பிறந்த விலங்கு. நடந்தால்தான் அதன் குடல் ஓடும். அதோடு அது கூட்டமாக வாழ்வது. இரண்டாவது குதிரை வாங்க முடியாவிட்டால், ஒரு கழுதையோ ஆடோ கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும்.

தீவனம்

மாட்டை வைத்துப் பழகியவர்கள் தடுமாறுகிற இடம் இது. மாட்டுக்கு நான்கு அறை உள்ள வயிறு, தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் உடம்பைப் பார்க்கச் சின்னது. நார் செரிப்பதெல்லாம் பின்னால் பெருங்குடலில், நுண்ணுயிர்களால் நடக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போன தப்பான தீனி பின்வழியாக மட்டுமே வெளியேற முடியும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை, நார் அதிகமாக, திடீர் மாற்றம் இல்லாமல் போட வேண்டும். புதுத் தீவனம் எதுவானாலும் 7 முதல் 10 நாளில் படிப்படியாகக் கலந்து மாற்றுங்கள்.

எவ்வளவு என்று தெரிய எடை தெரிய வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளத்தையும் அளங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் சுமார் 300 கிலோ. இந்தக் குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் எடையில் 2 சதவீதம், அதாவது 6 கிலோ தீவனம் தேவை. பச்சைப் புல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே பாதி காய்ந்தது, பாதி பச்சை என்று போடுவதானால் 3 கிலோவுக்குச் சற்று மேல் காய்ந்த தீவனமும் 12 முதல் 15 கிலோ பச்சையும் கணக்காகும்.

என்ன புல் என்பது அதைவிட முக்கியம். மாட்டுக்குப் போட்ட கோ-4, கோ-5 புல்லையே குதிரைக்கும் அறுத்துப் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. இவை கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வகைகள், இவற்றில் ஆக்சலேட் என்னும் உப்பு அதிகம். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரையின் குடலில் அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் வெளியேற்றிவிடும். நம் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சலுக்கென்று விட்ட மானாவாரி நிலத்தில், விளையும் கொழுக்கட்டைப் புல்லுக்கும் இந்தக் குணம் உண்டு. கூடவே வாளி வாளியாகத் தவிடும் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் இப்படியே போனால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, இடம் மாறி மாறி நொண்டும், முக எலும்பு இருபக்கமும் வீங்கும். இதைத் தவிர்க்க ஒரே புல்லை நம்பாமல் அருகம்புல், சோளத்தட்டு, கடலைக்கொடி என்று கலந்து போடுங்கள். தினமும் கொஞ்சம் குதிரை மசால் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் கால்சியம் நிறைய இருக்கிறது. நம் முன்னோர் அந்தச் செடிக்குக் குதிரையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சோளத்தட்டு காய்ந்ததாக இருக்க வேண்டும். இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு இருக்கும் என்பது மாட்டுக்காரர்கள் அறிந்ததே. குதிரை பச்சைச் சோளத்தை நாள்கணக்கில் மேய்ந்தால் சிறுநீர்ப்பை செயலிழந்து பின்கால்கள் தள்ளாடும். கடலைக்கொடியை நன்றாக உதறி, வேர் மண்ணைத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். இதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

“கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்” என்ற பழமொழி சும்மா வரவில்லை, குதிரைக்குக் கொள்ளு அவ்வளவு பிடிக்கும். வேகவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். ஒரு வேளைக்கு எல்லாத் தானியமும் சேர்த்து 1 கிலோவைத் தாண்ட வேண்டாம். வேலை இல்லாத நாளில் பாதியாகக் குறையுங்கள். காலையில் வெந்தது மாலையில் புளித்திருந்தால் கொட்டிவிடுங்கள். தானியம் அளவு மீறினால் குடலில் அமிலம் ஏறி, அதன் விளைவு குளம்பில் இறங்கும். குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னே போட்டு நிற்கும். அந்த நிற்பைப் பார்த்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

நாமக்கல், பல்லடம் பக்கம் இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். கோழித்தீவனத்தில் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரைக்குக் கொடிய நஞ்சு. கொஞ்சம் தின்றாலே இதயத் தசை கெட்டுச் செத்துவிடும். கோழித்தீவன மூட்டையைக் குதிரைக்கு எட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். தீவனம் அரைக்கும் மில்லில் அதே இயந்திரத்தில் கோழிக்கும் அரைக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளம் மூளையைக் கெடுக்கும். வேலியில் அரளியும், தோட்டத்தில் ஆமணக்கும் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

தண்ணீர் ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கூடும். தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். 300 கிலோ குதிரைக்கு 30 கிராம் உப்பு, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, தீவனத்தில் கலந்துவிடலாம். வியர்வையில் இது நிறையப் போகிறது.

காலையில் பத்து நிமிடம்

லாயத்துக்குள் போவதற்கு முன் வெளியே நின்று பாருங்கள். எப்படி நிற்கிறது? ஒரு பின்காலைத் தளர்த்தி நிற்பது ஓய்வு. முன்காலை நீட்டி நிற்பது வலி. நேற்றிரவு போட்ட சோளத்தட்டு மிச்சம் இருக்கிறதா? லத்தி எத்தனை குவியல்? இரவும் பகலும் சேர்த்துச் சாதாரணமாக 8 முதல் 12 தடவை போடும். உருண்டையாக, ஈரமாக, கீழே விழுந்தால் உடைகிற பதத்தில் இருக்க வேண்டும்.

பிறகு கிட்டப் போய், மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். காதை வயிற்றின் பக்கவாட்டில், விலாவுக்குப் பின்னே வைத்துக் கேளுங்கள். தூரத்து இடி மாதிரி உருளும் சத்தம் இருபக்கமும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் போவதுதான் ஆபத்து. கையை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வழித்து இறக்குங்கள், சூடோ வீக்கமோ இருந்தால் கைக்குத் தெரியும். குளம்பின் சூட்டையும் நாலு காலிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குதிரை நன்றாக இருக்கும் நாளில் மூன்று எண்களை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் வெப்பநிலை 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட். தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. தெர்மாமீட்டர் போடும்போது நேர் பின்னால் நிற்காமல் பக்கத்தில் ஒட்டி நில்லுங்கள். உங்கள் குதிரைக்கு நாடி 32 வழக்கம் என்று தெரிந்தால்தான், ஒரு நாள் 52 வரும்போது பதற வேண்டிய நேரம் எது என்று தெரியும்.

குளம்பு

தினமும் ஒரு தடவை, சவாரி என்றால் முன்னும் பின்னும், இரும்புக் கொக்கியால் குளம்பைச் சுத்தம் செய்யுங்கள். குதிகாலிலிருந்து நுனி நோக்கி இழுக்க வேண்டும். நடுவில் முக்கோணமாக ரப்பர் மாதிரி இருக்கும் பகுதியை நோண்டக் கூடாது. அதன் இருபக்கப் பள்ளத்தில் கறுப்பாக, அழுகிய நாற்றத்தோடு ஏதாவது வந்தால் ஈரத்தில் நின்றதால் வந்த அழுகல். இடத்தைக் காய வைப்பதுதான் முதல் மருந்து. 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வந்து சீவ வேண்டும், லாடம் அடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும். எப்போதும் மண்ணில் நடக்கிற குதிரைக்கு லாடம் கட்டாயமில்லை.

ஆணி ஏறியிருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். போனில் படம் எடுத்து, ஆணி மேலும் உள்ளே போகாதபடி குதிரையை அசையாமல் நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

ஊசி, பூச்சிமருந்து, பல்

டெட்டனஸுக்குக் குதிரை அளவுக்கு எளிதில் பலியாகும் வீட்டு விலங்கு வேறில்லை. முதலில் 4 வாரம் இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. நாய்கள் திரியும் ஊரில் ரேபிஸ் ஊசியையும் வருடம் தவறாமல் போடுங்கள். சந்தைக்கும் திருவிழாவுக்கும் போகிற குதிரை என்றால் இன்ஃப்ளூயன்சா ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

குடற்புழு மருந்தை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதால் மருந்துக்கு மசியாத புழுக்கள்தான் மிஞ்சும். லத்தியைப் பரிசோதித்து, ஒரு கிராமில் 200 முட்டைக்கு மேல் இருந்தால் எடைக்கு ஏற்ற அளவில் கொடுப்பது முறை. மேய்ச்சல் நிலத்தில் வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளினாலே புழு நன்றாகக் குறையும்.

மாட்டின் உண்ணிக்கு அடிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் குதிரை மேல் அடிக்கவே கூடாது. குடல் நின்றுபோகும். மழைக்குப் பின் குதிரை ஈக்கள் பெருகும் காலத்தில் விட்டு விட்டுக் காய்ச்சல், அடிவயிற்றில் நீர் வீக்கம், மெலிவு வந்தால் சர்ரா நோயைச் சந்தேகித்து இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பல்லை வருடம் ஒரு முறை காட்டுங்கள். கடைவாய்ப்பல்லின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் குத்தும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் அதுதான் காரணம்.

வேலையும் வெயிலும்

சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 300 கிலோ குதிரைக்கு 60 கிலோ. சுற்றுலா இடங்களில் மட்டக்குதிரை மேல் பெரிய ஆட்களை ஏற்றுவதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. 1965-ஆம் ஆண்டு சுமை, வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான விதிகள் ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதைத் தடுக்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. முள் வைத்த கடிவாளமும் சட்ட விரோதம். கல்யாண ஊர்வலத்தில் ஆட வைக்கப் பழக்குவதாகச் சொல்லிக் காலில் அடிப்பவர்களிடம் குதிரையை ஒப்படைக்காதீர்கள்.

ஓடி வந்த குதிரை மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்பது தப்பு. உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள், குடிக்கவும் கொடுங்கள். அதுதான் சூட்டை இறக்கும்.

வயிற்று வலி வந்தால்

என் பெட்டைக் குதிரை செம்பிக்கு ஒரு தை மாதம் வந்தது. கடலை பிடுங்கிய நேரம், கொடி மலிவாகக் கிடைத்தது. வேலை அவசரத்தில் பத்து நாள் உதறாமல் போட்டிருக்கிறார்கள், நானும் கவனிக்கவில்லை. அன்று காலை லத்தி இரண்டே குவியல், சின்னதாக, கெட்டியாக. மாலையில் கொள்ளைப் பாதி வைத்துவிட்டது. இரவு 11 மணிக்குப் போய்ப் பார்த்தால் முன்காலால் தரையைச் சுரண்டுகிறது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது. நாடி 56. வலப்பக்கம் காதை வைத்தால் சத்தமே இல்லை.

இப்படி வந்தால் செய்ய வேண்டியது: தீனி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் 1962-க்கு அழைத்துக் கால்நடை ஆம்புலன்ஸைக் கேளுங்கள். நாடி, ஈறின் நிறம், கடைசியாக லத்தி போட்ட நேரம் மூன்றையும் போனிலேயே சொல்லுங்கள். நாடி 60-ஐத் தாண்டினால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். புரண்டு அடிபடும் போலிருந்தால் பத்துப் பத்து நிமிடம் மெல்ல நடத்தலாம். அமைதியாகப் படுத்தால் படுக்கட்டும், விடிய விடிய நடத்திக் களைப்பாக்காதீர்கள். மாட்டுக்கு ஊற்றுவது போல மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் வயிறு சரியானாலும் குதிரை பிழைக்காது. கையில் இருக்கிறது என்று வலி ஊசியும் போடாதீர்கள். வலி மறைந்துவிட்டால் குடல் முறுக்கியிருப்பது மருத்துவருக்குத் தெரியாமல் போகும்.

அன்று மருத்துவர் வந்து மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, லிக்விட் பாரபின் இறக்கினார். விடிகாலை ஐந்தரைக்கு லத்தி விழுந்தது. அதில் ஒரு கையளவை வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அடியில் விரல் கனத்துக்குச் செம்மண். இப்போது மாதம் ஒரு முறை அப்படிக் கரைத்துப் பார்க்கிறேன். மண் தெரிந்தால் தீனித் தொட்டியை உயர்த்தி, கீழே ரப்பர் விரிப்புப் போட்டு, கொடியை உதறும் ஆளோடு நானும் நிற்கிறேன்.

முதுமையில்

20 வயதுக்கு மேல் பல் தேயும். சோளத்தட்டை நீளமாகப் போட்டால் மெல்ல முடியாது. குதிரை மசாலைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்துக் கூழாகக் கொடுங்கள். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்தக் கணக்கு வயதான குதிரைக்கும் அதேதான். உழைக்க முடியவில்லை என்று தரகரிடம் தள்ளிவிடாதீர்கள், அது எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

எழுந்து நிற்க முடியாத நாள் வந்தால் மருத்துவரை வைத்து வலியில்லாமல் அனுப்பிவிடுவதே அதற்குச் செய்யும் நல்லது. கிணற்றிலிருந்து தள்ளி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அதற்கு முன், கூட வளர்ந்த குதிரையைக் கொஞ்ச நேரம் உடலருகே விடுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு அதுவாகவே விலகி மேயப் போகும். பார்க்க விடாமல் புதைத்துவிட்டால், நாள்கணக்கில் வாசலைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே நிற்கும்.